செயலாண்மை: ‘பிளேயர் ஏஜென்சி’யைத் தமிழில் எப்படிச் சொல்வது?

ஏஜென்சி என்றால் நமக்கு கேஸ் ஏஜென்சி, டிராவல்ஸ் ஏஜென்சி. ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ மாதிரி மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதாபாத்திரமாகவே ஆடும் ஆட்டங்களில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். ‘ஜிஎம் எங்க ஏஜென்சியையே பிடுங்கிட்டாரு’ என்று ஒருவர் குமுறினால், யாரோ கடையை மூடிவிட்டார்கள் என்று அர்த்தம் இல்லை.

இந்த ஆட்டத்தில் ஒருவர் கேம் மாஸ்டர், சுருக்கமாக ஜிஎம். உலகத்தை விவரிப்பதும், அதில் வரும் ஊரார், எதிரி, வானிலை எல்லாமாகப் பேசுவதும் அவர் வேலை. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். ‘சுவரில் ஏணி சாய்த்திருக்கிறது, மேலே ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது’ என்று ஜிஎம் சொல்வார். ‘நான் ஏறுகிறேன்’ என்றோ, ‘ஏணியை எடுத்து ஒளித்துவிட்டு வாசலில் காத்திருக்கிறேன்’ என்றோ ஆட்டக்காரர் சொல்வார். சந்தேகம் வந்தால் பகடை உருளும். அந்த ‘நான் இதைச் செய்கிறேன்’ என்ற சொல்லுக்கு ஆட்டத்தில் எவ்வளவு எடை இருக்கிறது என்பதுதான் பிளேயர் ஏஜென்சி.

வேர் லத்தீன். ‘அகெரே’ என்றால் ஓட்டுதல், நடத்துதல், செய்தல். ஆக்ட், ஆக்டர், அஜெண்டா, ஏஜென்ட் எல்லாம் அதே குடும்பம். ஏஜென்ட் என்றால் முதலில் ‘செய்பவர்’, அவ்வளவுதான். பிறகு அது இரண்டாகக் கிளைத்தது. தானே முடிவெடுத்துச் செய்பவர் ஒரு கிளை. இன்னொருவருக்காக, அவர் சார்பில் செய்பவர் இன்னொரு கிளை. நம் ஊருக்கு வந்து சேர்ந்தது இரண்டாவது: இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். அதற்குத்தான் முகவர், முகமை என்று தமிழாக்கினோம். தேசியப் புலனாய்வு முகமை என்பதில் இருப்பதும், இலங்கையில் முகவர் நிலையம் என்பதும் இந்தக் கிளைதான். முதல் கிளை தத்துவத்திலும் சமூகவியலிலும் தங்கிவிட்டது. சமூக அமைப்பு மனிதனை எவ்வளவு கட்டுகிறது, அதற்குள் அவன் தானாக எவ்வளவு செய்ய முடிகிறது என்று ஆன்தனி கிடன்ஸ் போன்றவர்கள் விவாதித்தது இந்த ஏஜென்சியைப் பற்றித்தான். ஆட்டக்காரர்கள் எடுத்துக்கொண்டதும் இதையே. ஆகவே ‘ஆட்டக்காரர் முகமை’ என்று யாராவது மொழிபெயர்த்தால் தப்பான கிளையில் ஏறிவிட்டார் என்று அர்த்தம். இயந்திர மொழிபெயர்ப்பில் இது அடிக்கடி கண்ணில் படுகிறது.

கணினிவழிக் கதைகளைப் பற்றி 1997இல் எழுதிய ஜேனட் மரே இந்தச் சொல்லுக்கு ஒரு நல்ல வரையறை கொடுத்தார். பொருளுள்ள ஒரு செயலைச் செய்து, நம் முடிவின் விளைவைக் கண்ணால் பார்ப்பதில் கிடைக்கும் நிறைவு என்பது அதன் சாரம். கை பரபரப்பாக இருப்பதும் ஏஜென்சியும் ஒன்றல்ல என்றும் அவர் சேர்த்துச் சொன்னார். வைகுண்ட ஏகாதசிக்குக் கண்விழித்துப் பரமபதம் ஆடுவோமே, அதில் இரவு முழுக்கக் கை ஓயாது; ஆனால் நாம் எடுக்கும் முடிவு என்று ஒன்றுகூட இல்லை. கட்டை சொன்ன இடத்துக்குப் போகிறோம், பாம்பு இருந்தால் இறங்குகிறோம். தாயத்திலும் கட்டைதான் உருள்கிறது. ஆனால் விழுந்த எண்ணுக்கு எந்தக் காயை நகர்த்துவது என்பது நம் கையில். பகடை இருப்பதால் ஏஜென்சி போய்விடுவதில்லை என்பதற்கு இதுவே போதும்.

இங்கே பலருக்கும் ஒரு குழப்பம் வரும். ஏஜென்சி என்றால் ‘எதையும் செய்யும் சுதந்திரம்’ என்று நினைத்துக்கொள்வார்கள். இரண்டு கதவு இருக்கிறது, எதைத் திறக்கிறாய் என்று ஜிஎம் கேட்கிறார். வேறு எந்தத் தகவலும் இல்லை. முழுச் சுதந்திரம்தான், ஆனால் அது நாணயம் சுண்டுவது மாதிரி. இடது கதவின் இடுக்கில் கந்தக வாடையோடு சூடான காற்று வருகிறது, வலது கதவின் முன்னால் தூசியில் ஒரு குழந்தையின் காலடித் தடம் உள்ளே போயிருக்கிறது, திரும்பி வரவில்லை என்று சொல்லிப் பாருங்கள். மேசையில் உடனே பேச்சு கிளம்பும். தேர்வு என்பது அப்போதுதான் பிறக்கிறது. அப்புறம், எந்தக் கதவைத் திறந்தாலும் அதே அறைதான் என்றால் இத்தனை பேச்சும் வீண்.

இந்தக் கடைசி ஏமாற்றுக்கு ஆட்ட உலகில் ஒரு பெயரே உண்டு: குவாண்டம் ஓகர். ஓகர் என்பது ஒரு வகை அரக்கன். வடக்கே போனாலும் கிழக்கே போனாலும் ஜிஎம் தயார் செய்து வைத்த அந்த அரக்கன் அங்கேதான் நிற்பான். பாதையைத் தேர்ந்தெடுக்கும்வரை அவனுக்கு இடம் கிடையாது. ‘ஆட்டக்காரருக்குத் தெரியாதே, அப்புறம் என்ன நஷ்டம்’ என்று வாதிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த வாதம் ஏறவில்லை. ஒருமுறை தெரிந்துவிட்டால் அதற்குப் பிறகு அந்த ஜிஎம் வைக்கும் எந்த இரண்டு பாதையையும் யாரும் நம்பமாட்டார்கள். ஒளிக்காமலே செய்வதற்குப் பெயர் ரயில்ரோடிங். கதை போக வேண்டிய தண்டவாளம் ஏற்கெனவே போட்டாயிற்று, ஆட்டக்காரர்கள் பயணிகள். ‘தண்டவாளம் போடுவது’ என்றே தமிழில் சொல்லலாம், விளக்கம் தேவைப்படாது.

ஆட்டக்காரரின் சொல்லுக்கு எடை கிடைப்பதும் போவதும் இன்னொரு சொல்லைப் பொறுத்தது: ரூலிங். ஜிஎம் அந்த இடத்தில், அந்த நிமிடத்தில் எடுக்கும் முடிவு. இதன் வரலாறு ஏஜென்சி என்ற சொல் ஆட்டத்துக்குள் வந்ததைவிடப் பழையது. அன்றைய ஜெர்மானிய அரசான பிரஷ்யாவில் 1824இல் ரைஸ்விட்ஸ் என்ற இளம் ராணுவ அதிகாரி, தன் தந்தை தொடங்கிவைத்த போர் ஆட்டத்தைத் திருத்தி ‘கிரீக்ஸ்ஷ்பீல்’ என்ற பெயரில் விதிகளை வெளியிட்டார். அதிகாரிகளுக்கான பயிற்சி. இரு தரப்பும் தங்கள் உத்தரவுகளை நடுவரிடம் கொடுக்க வேண்டும். அவர் பகடையும் அட்டவணையும் வைத்து யாருக்கு எவ்வளவு இழப்பு என்று கணக்கிடுவார். கணக்குப் போட்டே நேரம் போயிற்று என்று அலுத்துக்கொண்டவர்களில் வெர்டி டு வெர்னுவா ஒருவர். அனுபவமுள்ள நடுவர் இருந்தால் அட்டவணையே வேண்டாம், அவர் சொல்வதே முடிவு என்று 1876இல் அவர் ‘சுதந்திர கிரீக்ஸ்ஷ்பீல்’ முறையை முன்வைத்தார். எழுதிய விதியா, இருப்பவரின் தீர்ப்பா என்று இன்று இரவெல்லாம் சண்டை போடுகிறவர்கள், மீசை முறுக்கிய பிரஷ்ய அதிகாரிகளின் சண்டையைத்தான் தொடர்கிறார்கள்.

அங்கிருந்து 1969, அமெரிக்காவின் மின்னசோட்டா. டேவிட் வெஸ்லி என்பவர் நெப்போலியன் காலப் போர் ஆட்டம் ஒன்றை ஏற்பாடு செய்கிறார். பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஊர். இரு படைகள் அதை நெருங்குகின்றன. வழக்கம்போல் படைத்தளபதிகளை மட்டும் வைக்காமல், ஊர்ப் பெரிய மனிதர்களின் வேடங்களையும் சிலருக்குக் கொடுத்தார். ஆளுக்கொரு நோக்கம். ஆட்டம் கைமீறிப் போனது. ஆட்டக்காரர்கள் மூலைக்கு மூலை தனித்தனியாகப் பேசி ரகசிய ஒப்பந்தம் போட ஆரம்பித்தார்கள். இருவர் வந்து, நாங்கள் ஒண்டிக்கு ஒண்டி மோதப்போகிறோம் என்றார்கள். அதற்கு வெஸ்லியிடம் விதியே இல்லை. நின்ற இடத்தில் ஒரு முறையை யோசித்துத் தீர்ப்புச் சொன்னார். ஆட்டம் சொதப்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போக, ஆடியவர்களோ அடுத்தது எப்போது என்று கேட்டார்கள். ஆட்டக்காரர் எதையும் முயலலாம், நடக்குமா என்று நடுவர் தீர்மானிப்பார் என்ற எண்ணம் அவருக்கு வந்தது, சார்லஸ் டாட்டன் 1880இல் வெளியிட்ட ‘ஸ்ட்ராடகோஸ்’ என்ற பழைய அமெரிக்கப் போர் ஆட்ட நூலிலிருந்து. அந்த வட்டத்தில் ஆடியவர் டேவ் ஆர்னசன். அவரும் கேரி கைகாக்ஸும் சேர்ந்து 1974இல் வெளியிட்டதுதான் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். மூன்று சிறு புத்தகங்கள், ஆயிரம் ஓட்டை. அந்த ஓட்டைகளை அடைப்பதுதான் ஜிஎம்மின் வேலை. முதல் பதிப்பில் அவருக்குப் பெயர் வெறும் ‘ரெஃப்ரி’.

விதிகள் பெருகிய பிறகு, 2008இல் மாத்யூ ஃபின்ச் பழைய முறையை மீட்கச் சொல்லி ஒரு சிறு கையேடு எழுதினார். ‘விதி அல்ல, தீர்ப்பு’ என்பது அதன் முதல் முழக்கம். அதில் அவர் காட்டும் இடம் ஒரு நடைபாதை, தரையில் மறைகுழி. புதிய பாணியில் ஆட்டக்காரர் ‘பொறி இருக்கிறதா தேடுகிறேன்’ என்று பகடை போடுவார், எண் வந்தால் குழி தெரியும். பழைய பாணியில் பகடையே இல்லை. ஆட்டக்காரர் தோல்பையிலுள்ள தண்ணீரைத் தரையில் ஊற்றி, அது எங்கே போகிறது என்று கேட்கிறார். தரையில் சற்று மேடான ஒரு சதுரத்தைச் சுற்றித் தண்ணீர் தேங்குவதைப் பார்த்து, அங்கே மூடி இருப்பதைக் கண்டுபிடிக்கிறார். தண்ணீர் எங்கே ஓடும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. ஜிஎம் சொல்கிறார்.

தீர்ப்பு ஏஜென்சியை வளர்க்கவும் செய்யும், கொல்லவும் செய்யும். துரத்துகிறார்கள், ஆட்டக்காரர் ‘விளக்கு எண்ணெயைப் படிக்கட்டில் கொட்டுகிறேன்’ என்கிறார். ‘புத்தகத்தில் அப்படி இல்லை, முடியாது’ என்பது ஒரு தீர்ப்பு. ‘சூப்பர், எல்லாரும் விழுந்து செத்தார்கள்’ என்பதும் ஒரு தீர்ப்புதான், அதுவும் கெடுதல்: அடுத்த வாரம் எல்லார் பையிலும் எண்ணெய்தான் இருக்கும். ‘சரி, ஒரு குப்பி என்றால் மேல் மூன்று படி நனையும். முன்னால் வருபவர்கள் இருபது முகப் பகடையில் 15 எடுக்காவிட்டால் வழுக்குவார்கள். ஆனால் நீங்களும் இதே வழியில் திரும்ப முடியாது. கொட்டுகிறீர்களா?’ என்பதுதான் நல்ல தீர்ப்பு. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 பதிப்பில் நடுத்தரக் கடினத்துக்கு இலக்கு 15, எளிதுக்கு 10, கடினத்துக்கு 20. ஜிஎம் எண்ணைத் தேடித் தவிக்க வேண்டியதில்லை. பகடை உருளும் முன்பே விலையைச் சொல்லிவிட்டு ‘செய்கிறீர்களா’ என்று கேட்ட அந்தக் கேள்விதான் முக்கியம். அதன் பிறகு ஒருவரும் வழுக்காமல் மேலே வந்து ஆட்டக்காரரைப் பிடித்துவிட்டாலும் அவருடைய ஏஜென்சிக்கு ஒரு குறையும் இல்லை. தோற்பது வேறு, பறிகொடுப்பது வேறு. ‘உன் வீரன் கோபத்தில் கத்தியை உருவிவிட்டான்’ என்று ஜிஎம் தானாகச் சொன்னால், அது பறிப்பது.

இந்த வேறுபாட்டைப் பேச நம் இலக்கணத்தில் ஒரு கருவி தயாராக இருக்கிறது. மூன்றாம் வேற்றுமையைச் சொல்லும்போது கருத்தாவை இரண்டாகப் பிரிப்பார்கள்: இயற்றுதல் கருத்தா, ஏவுதல் கருத்தா. தஞ்சைப் பெரிய கோயில் ராஜராஜனால் கட்டப்பட்டது. அவன் கல் சுமக்கவில்லை, ஏவினான். இயற்றியவர்களின் தலைவர் பெயர்கூடக் கல்வெட்டில் இருக்கிறது, குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன். மேசையிலும் இப்படித்தான். கத்தியை உருவுவது பாத்திரம், அது இயற்றுதல் கருத்தா. உருவச் சொல்வது ஆட்டக்காரர், அவர் ஏவுதல் கருத்தா. ஜிஎம் பிடுங்கிக்கொள்வது ஏவுகிற இடத்தை. மயக்கும் மந்திரத்துக்கு ஆட்பட்ட பாத்திரத்தின் நிலைமை ஏன் இவ்வளவு தகராறு தருகிறது என்பதும் இப்போது புரியும். அங்கே விதியே ஏவுகிறவரை மாற்றிவிடுகிறது.

அப்படியென்றால் ஏஜென்சிக்கு ‘ஏவலாண்மை’ என்று வைக்கலாமே என்றால், வேண்டாம். ஏவல் என்றதும் ஒரு பக்கம் வேலைக்காரன், இன்னொரு பக்கம் பில்லி சூனியம் வந்து நிற்கும். ‘தன்முனைப்பு’ என்று சிலர் எழுதுகிறார்கள். அது அகந்தைக்குப் போய்விட்டது. ‘சுதந்திரம்’ ஏன் போதாது என்பதை அந்த இரண்டு கதவுகளிலேயே பார்த்தோம். சமூகவியல் எழுத்தில் ஏற்கெனவே புழங்கும் ‘செயலாண்மை’ எனக்குச் சரியாகப் படுகிறது. ஆண்மை என்ற ஒலி உறுத்துகிறது என்று சொல்வோர் உண்டு. இங்கே அது ஆள் என்ற வினையிலிருந்து வருவது. மேலாண்மையிலும் வேளாண்மையிலும் இருக்கும் அதே ஈறு. செயலை ஆளும் தன்மை. பொதுவாக எழுதும்போது ‘ஆட்டக்காரர் செயலாண்மை’, இடம் தெளிவாக இருந்தால் வெறும் ‘செயலாண்மை’.

ரூலிங்குக்குத் ‘தீர்ப்பு’ போதும். ரூல் விதி, ரூலிங் தீர்ப்பு என்று பிரித்துக்கொண்டால் பாதிச் சண்டை தீரும். விதி என்ற சொல்லுக்குத் தலையெழுத்து என்றும் பொருள் இருப்பது இந்த ஆட்டத்துக்குத் தற்செயலாகக் கிடைத்த சிரிப்பு. புத்தகத்தை நீட்டி வாதாடுகிறவர் ‘விதி வக்கீல்’. ஜிஎம்முக்குத்தான் இன்னும் இடறுகிறது. நடுவர் என்றால் அவர் உலகமாகவும் பேசுகிறார் என்பது விட்டுப்போகிறது, கதைசொல்லி என்றால் தீர்ப்பு விட்டுப்போகிறது. நடத்துநர் என்றால் பொருள் கச்சிதம், ஆனால் டிக்கெட் கேட்பார். ‘ஆட்ட நடத்துநர்’ என்று முழுதாக எழுதலாம். பேச்சில் ஜிஎம் என்றே இருக்கட்டும். மேசையில் யாரும் வேறு எதுவும் சொல்லப்போவதில்லை.