தனித்துவிடப்பட்ட மருந்து

காசநோய் முற்றிய நுரையீரலில் விழும் ஒரு குழிக்குள் 10 கோடி முதல் 100 கோடி வரை கிருமிகள் இருக்கும். அவற்றில் ஏறத்தாழ 10 லட்சத்தில் ஒன்று ஐசோனியசிட் மருந்துக்குச் சாகாது. 10 கோடியில் ஒன்று ரிஃபாம்பிசினுக்குச் சாகாது. நோயாளி அதுவரை ஒரு மாத்திரைகூட விழுங்கியிருக்க மாட்டார். ஆனாலும் இவை உள்ளே இருக்கும். கிருமி பெருகும்போது மரபணுவைப் படியெடுப்பதில் நேரும் எழுத்துப்பிழைகளே காரணம். "மாத்திரை சாப்பிட்டுச் சாப்பிட்டுக் கிருமிக்குப் பழகிப்போச்சு" என்று சொல்வது வழக்கம். உண்மையில் எதுவும் பழகுவதில்லை. மருந்து மற்றவற்றைக் கொன்று, ஏற்கெனவே இருக்கும் பிழைக் கிருமிக்கு இடம் காலிசெய்து தருகிறது.

10 கோடி கிருமிகள் உள்ள குழி என்றே வைத்துக்கொள்வோம். ஐசோனியசிட்டை மட்டும் கொடுத்தால் இருமல் குறையும், எடை கூடும், நூறு கிருமிகள் மிஞ்சும். சில மாதங்களில் அந்த நூறின் வாரிசுகளே குழியை நிரப்பிவிடும். ரிஃபாம்பிசினையும் சேர்த்துக் கொடுத்தால் கதை மாறும். இரண்டுக்கும் ஒருசேரத் தப்பும் கிருமி கோடி கோடியில் ஒன்றுதான். அத்தனை கிருமிகள் எந்த நுரையீரலிலும் இருக்காது.

இதை உலகம் பட்டுத்தான் தெரிந்துகொண்டது. 1948-இல் வெளியான பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் ஆய்வில் 55 பேருக்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் படுக்கை ஓய்வும், 52 பேருக்கு ஓய்வு மட்டும் தரப்பட்டன. ஆறு மாதத்தில் ஊசி போட்டவர்களில் 4 பேரும் மற்றவர்களில் 14 பேரும் இறந்தார்கள். பெரிய வெற்றிதான். ஆனால் ஐந்து ஆண்டு கழித்து எண்ணியபோது இறப்புகள் 32, 35 என்று ஏறக்குறைய சமமாகிவிட்டன. ஒற்றை மருந்தைக் கிருமி தாண்டிவிட்டது.

நான்கு மருந்து எழுதிய சீட்டிலும் ஒரு மருந்து தனித்துப்போக முடியும். பல நாடுகளில் வழக்கமான சிகிச்சையில் முதல் 2 மாதம் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட், எதாம்பியூட்டால் நான்கும் தரப்படும். அடுத்த 4 மாதம் முதல் இரண்டு மட்டும். கிருமிக்கு ஐசோனியசிட் எதிர்ப்பு இருந்து, அதை யாரும் பார்க்காமல் விட்டால், அந்த 4 மாதமும் ரிஃபாம்பிசின் தனியாகவே போராடுகிறது. குமட்டல் தருகிற மாத்திரையை மட்டும் நோயாளி ஒதுக்கினாலும் கிட்டத்தட்ட இதே கதிதான். நான்கையும் ஒரே மாத்திரையில் அடக்கியதற்கு இது ஒரு காரணம். மருத்துவர் செய்யும் தவறு வேறு வகை. பலிக்காத சிகிச்சையோடு புதிதாக ஒரே ஒரு மருந்தைச் சேர்த்தால், பழையவை ஏற்கெனவே செயலிழந்திருக்கும் உடலில் அந்தப் புது மருந்து ஒற்றை மருந்தாகிவிடும். சேர்ப்பதானால் கிருமி சாகும் என்று தெரிந்த மருந்துகளைச் சேர்த்து முழுச் சீட்டையும் மாற்ற வேண்டும்.

ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் இரண்டுக்கும் சாகாத நோயை எம்.டி.ஆர். காசநோய் என்கிறோம். ரிஃபாம்பிசின் எதிர்ப்பைக் கண்டுபிடிப்பது எளிது. கிருமியின் ஆர்.பி.ஓ.பி. மரபணுவில் 81 எழுத்துகள் கொண்ட ஒரு சிறு பகுதியில்தான் ஏறத்தாழ 95 சதவீதப் பிழைகள் விழுகின்றன. எதிர்ப்பைக் கண்டறிய ஜீன்எக்ஸ்பர்ட் இயந்திரம் அந்த இடத்தை மட்டும் படிக்கிறது. சளியோடு இரண்டு பங்கு கரைசலைச் சேர்த்துக் குலுக்கி, 15 நிமிடம் வைத்து, 2 மில்லிலிட்டரை இயந்திரத்தில் செருகும் கார்ட்ரிட்ஜ் என்ற சிறு பெட்டியில் ஊற்றினால் இரண்டு மணி நேரத்துக்குள் முடிவு வரும். ஆனால் இந்த அடிப்படைக் கார்ட்ரிட்ஜ் ஐசோனியசிட்டைப் பார்ப்பதில்லை. 'ரிஃபாம்பிசின் எதிர்ப்பு இல்லை' என்ற அறிக்கையை 'எதிர்ப்பே இல்லை' என்று படிப்பதில்தான் மேலே சொன்ன சிக்கல் தொடங்குகிறது.

பரிசோதனை பெரும்பாலும் இயந்திரத்தில் கெடுவதில்லை, சளி எடுக்கும் டப்பாவில் கெடுகிறது. கொடுப்பது சளிதானா, எச்சிலா? காலையில் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்து, இரண்டு மூன்று முறை ஆழ்ந்து மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து காறி எடுத்தது 3 மில்லிலிட்டராவது வேண்டும். கெட்டியாக, சற்று மஞ்சளாக இருந்தால் நல்லது. நுரைத்த எச்சிலில் கிருமி அகப்படாது. இன்னொன்று, இந்தச் சோதனை செத்த கிருமியின் மரபணுவையும் பிடிக்கும். அதனால் சிகிச்சை பலிக்கிறதா என்று பார்க்க இது உதவாது. அதற்குக் கிருமியை வளர்த்துப் பார்க்க வேண்டும். காசநோய்க் கிருமி ஒருமுறை பிளக்கவே 15 முதல் 20 மணி நேரம் எடுப்பதால், கிருமி வளர்க்கும் கெட்டியான சத்துப்பொருளில் (திட ஊடகம்) விடை தெரிய 6 முதல் 8 வாரம் ஆகும்.

எம்.டி.ஆர். சிகிச்சை முன்பு ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு இழுத்தது. மாதக்கணக்கில் போட்ட ஊசி பலருடைய செவித்திறனைப் பறித்தது. 2022-இல் உலக சுகாதார அமைப்பு 6 மாதச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது: பெடாகுலின், பிரெட்டோமனிட், லினசோலிட், மாக்ஸிஃப்ளாக்ஸசின். பெடாகுலின் முதல் 2 வாரம் தினமும் 400 மில்லிகிராம், பிறகு வாரம் மூன்று முறை 200. இதயத் துடிப்பின் லயத்தை மாற்றக்கூடும் என்பதால் ஈ.சி.ஜி. பார்க்க வேண்டும். லினசோலிட்தான் அதிகத் தொல்லை தருவது. பாதத்தில் ஊசி குத்துவதுபோல் தொடங்கும் மதமதப்பை நோயாளி சொல்லாமல் விட்டால் நரம்புச் சேதம் நிலைத்துவிடலாம். இரத்த அணுக்கள் குறையும், பார்வை மங்கும்.

பெடாகுலினுக்கு விசித்திரமான குணம் ஒன்று உண்டு. உடலில் அதன் அளவு பாதியாகக் குறைய ஏறத்தாழ ஐந்தரை மாதம் ஆகும். நோயாளி மருந்தை நிறுத்தினால் மற்ற மூன்றும் சில நாளில் வெளியேறிவிடும். பெடாகுலின் மட்டும் கொல்லப் போதாத அளவில் மாதக்கணக்கில் தங்கும். ஆக, இங்கேயும் ஒற்றை மருந்துதான். தப்பும் கிருமிகள் பெரும்பாலும் மருந்தை வெளியே துப்பும் பம்பை அடக்கிவைக்கும் கட்டுப்பாட்டை இழந்தவை. அந்தப் பம்பு குளோஃபாசிமைன் என்ற இன்னொரு காசநோய் மருந்தையும் துப்பும் என்பதால் ஒரே பிழையில் இரண்டு மருந்து போய்விடும்.

பழியை நோயாளியின் ஒழுங்கின்மைமேல் போடுவது எளிது. ஆனால் தென்னாப்பிரிக்காவின் டுகேலா ஃபெர்ரியில் 2006-இல் வெளிவந்த விவரம் வேறு கதை சொன்னது. இன்னும் கடுமையான எதிர்ப்புக் காசநோய் வந்த 53 பேரில் 52 பேர் இறந்தார்கள். பாதிக்கு மேற்பட்டோர் அதற்கு முன் காசநோய் மருந்தே சாப்பிட்டதில்லை. எதிர்ப்புக் கிருமியையே நேராகக் காற்றில் வாங்கியிருந்தார்கள். எச்.ஐ.வி. பரிசோதனை செய்யப்பட்ட அனைவருக்கும் அந்தத் தொற்றும் இருந்தது.

சரியான மருந்து தொடங்கியதும் நோயாளி பரப்புவது விரைவில் குறைந்துவிடும். தவறான மருந்தில் இருப்பவர் தினமும் மாத்திரை விழுங்கிக்கொண்டே பரப்புவார். அதனால்தான் எதிர்ப்புச் சோதனையை முதல் நாளே செய்ய வேண்டும். முடிவு வரும்வரை நோயாளிக்குச் சாதாரண முகக்கவசம், ஊழியருக்கு என்-95. அறையில் ஊழியரின் முதுகுப்பக்கமிருந்து காற்று வந்து, நோயாளியைக் கடந்து, எதிர்ச் சன்னல் வழியே வெளியேறும்படி நாற்காலிகளைப் போட வேண்டும்.