சரக்கு கொடுத்தவருக்கு 45 நாளுக்குள் பணம்: கடலூர், புதுச்சேரி சிறுதொழில்காரர்களுக்கான சட்ட விளக்கம்

சிப்காட் கம்பெனிக்கு ஃபேப்ரிகேஷன் வேலை செய்து கொடுப்பவர், பண்ருட்டியில் முந்திரி உடைத்துத் தரம் பிரித்து அனுப்புபவர், புதுச்சேரி ஓட்டல்களுக்குச் சீருடை தைத்துக் கொடுப்பவர், விருத்தாசலத்தில் பீங்கான் பொருள் செய்பவர் என்று யாரை எடுத்துக்கொண்டாலும், தொழில் சட்டம் பற்றி அவர்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். "சரக்கு போய் நாலு மாசம் ஆச்சு, பார்ட்டி பணம் தரவில்லை. என்ன செய்ய முடியும்?" சின்ன ஆளுக்கு ஒன்றும் நடக்காது என்று மனதில் முடிவு செய்துகொண்டுதான் பலரும் இதைக் கேட்கிறார்கள். ஆனால் சட்டம் இவர்கள் பக்கம்தான் நிற்கிறது. 2006 அக்டோபர் 2 முதல் அமலில் இருக்கும் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தில், பணம் தாமதமாவதைப் பற்றி மட்டும் தனி அத்தியாயமே உண்டு. 15 முதல் 25 வரையுள்ள பிரிவுகள் அவை.

முதலில் 15ஆம் பிரிவு. வாங்குபவர் எத்தனை நாளில் பணம் தருவார் என்று எழுத்தில் பேசிக்கொண்டிருந்தால், அந்தத் தேதிக்குள் கொடுக்க வேண்டும். ஆனால் அந்தக் கெடு எக்காரணம் கொண்டும் 45 நாளைத் தாண்டக் கூடாது. பர்சேஸ் ஆர்டரில் 90 நாள், 120 நாள் என்று அச்சடித்து, நீங்களும் கையெழுத்துப் போட்டிருந்தாலும் சட்டத்தின் கணக்கு 45 நாள்தான். எழுத்தில் எதுவுமே இல்லையென்றால் கெடு இன்னும் குறுகி 15 நாளாகிவிடும். வாய்ப்பேச்சில் தொழில் செய்பவருக்குத்தான் சட்டம் குறைந்த நாளைக் கொடுத்திருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

நாளை எப்போதிலிருந்து எண்ணுவது? பில் தேதியிலிருந்து எண்ணக் கூடாது. சரக்கு கைக்குப் போய்ச் சேர்ந்த நாள், சேவை என்றால் வேலை முடிந்த நாள், அதுதான் தொடக்கம். சரக்கில் குறை இருந்தால் வாங்கியவர் 15 நாளுக்குள் எழுத்துமூலம் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால், நீங்கள் அந்தக் குறையைச் சரிசெய்த நாளிலிருந்து கணக்கு தொடங்கும். 15 நாளில் எழுத்தில் எதுவும் வரவில்லையென்றால், சரக்கை ஏற்றுக்கொண்டதாகவே பொருள். ஆறு மாதம் கழித்துப் பணம் கேட்கும்போது "உங்கள் சரக்கு சரியில்லை, அதனால்தான் நிறுத்தி வைத்தோம்" என்று ஒரு பதில் வரும். சிறுதொழில்காரர்களை வாயடைக்க வைக்கும் பதில் இது. சரக்கு இறங்கிய தேதிக்கு உங்களிடம் ஆதாரம் இருந்தால் அந்தப் பேச்சு எடுபடாது.

ஆகவே டெலிவரி சலானில் பெயர், தேதி, கையெழுத்து, முத்திரை நான்கும் வாங்காமல் வண்டியைத் திருப்பாதீர்கள் என்று உங்கள் டிரைவரிடம் சொல்லி வைக்க வேண்டும். பணம் நிற்கும்போது எல்லாரும் வக்கீலைத் தேடுகிறார்கள். ஆனால் வழக்கின் பலம் சரக்கு இறங்கிய அன்றே முடிவாகிவிடுகிறது. வாட்ஸாப்பில் வந்த ஆர்டர், "மெட்டீரியல் வந்துவிட்டது" என்ற ஒரு வரிப் பதில், மின்னஞ்சல் எல்லாம் எழுத்து ஆதாரம்தான். போனை மாற்றும்போது இவற்றை இழந்துவிடக் கூடாது.

கெடு தாண்டினால் வட்டி. 16ஆம் பிரிவின்படி, ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் அசலோடு சேர்ந்து ஏறும் கூட்டு வட்டி. வங்கி விகிதம் 6 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். மூன்று மடங்கு 18, நம்மூர்க் கணக்கில் ஒன்றரை வட்டி. மூன்று லட்ச ரூபாய் பாக்கிக்கு முதல் மாதம் 4,500. அடுத்த மாதம் 3,04,500க்கு வட்டி போடப்படும். ஓராண்டு முடிவில் வட்டி மட்டும் 58,685 ரூபாய். வட்டி கேட்க மாட்டேன் என்று ஒப்பந்தத்தில் இருந்தாலும் இந்தப் பிரிவு அதை மீறி நிற்கும். கட்டிய வட்டியை வாங்கியவர் தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டவும் முடியாது.

சரி, இது யாருக்கெல்லாம் பொருந்தும்? விற்பவர் குறு நிறுவனமாகவோ சிறு நிறுவனமாகவோ இருக்க வேண்டும். நடுத்தர நிறுவனத்துக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. 2025 ஏப்ரல் 1 முதல் வரம்புகள் உயர்ந்திருக்கின்றன. இயந்திரங்களில் முதலீடு இரண்டரைக் கோடிக்குள்ளும் ஆண்டு விற்றுமுதல் 10 கோடிக்குள்ளும் இருந்தால் குறு, முதலீடு 25 கோடி, விற்றுமுதல் 100 கோடி வரை சிறு. இந்தப் பகுதியில் உள்ள பட்டறைகளும் தையலகங்களும் அச்சகங்களும் பெரும்பாலும் இதற்குள் அடங்கிவிடும். வாங்குபவர் யாராகவும் இருக்கலாம். தனியார் கம்பெனி, அரசுத் துறை, பொதுத்துறை நிறுவனம் எல்லாமே இதில் அடக்கம்.

பதிவு முக்கியம். குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்காக மத்திய அரசு இணையத்தில் நடத்தும், 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள உத்யம் பதிவைத்தான் சொல்கிறேன். ஆதார், பான் இரண்டும் போதும், காகிதம் எதையும் பதிவேற்ற வேண்டாம், கட்டணம் ஒரு ரூபாய் கூடக் கிடையாது. ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டாம். இதைச் செய்து தருகிறோம் என்று ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும் இணையதளங்கள் அசல் அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டுகின்றன. அரசுத் தளத்தின் முகவரி ஜிஓவி டாட் இன் என்று முடியும், அதைப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள். தனியாகச் செய்ய முடியாவிட்டால் மாவட்டத் தொழில் மையத்தில் உதவி கேட்கலாம். புதுச்சேரிக்காரர்களுக்கு அது தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் இருக்கிறது.

பணம் நின்ற பிறகு பதிவு செய்தால் பழைய பில்லுக்குப் பயன் கிடைக்குமா? இதைக் கேட்காதவர் இல்லை. 2022 அக்டோபர் 31 அன்று மகாகாளி ஃபுட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பின்னால் செய்த பதிவு முன்னால் கொடுத்த சரக்குக்கு உதவாது என்று சொன்னது. 2025 ஜனவரியில் என்பிசிசி வழக்கில் இரண்டு நீதிபதிகள் கொண்ட அமர்வு வேறு பார்வை எடுத்து, கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. அந்த விவாதத்தை நம்பிக்கொண்டு இருக்க வேண்டாம், இன்றைக்கே பதிவு செய்துவிடுங்கள். அப்புறம், உத்யம் எண்ணையும் 'குறு நிறுவனம்' என்ற வகையையும் ஒவ்வொரு பில்லிலும் அச்சடியுங்கள்.

பில்லில் அச்சடிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம், வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்ற உட்பிரிவைச் சேர்த்தது. குறு, சிறு நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை மேலே சொன்ன 15 அல்லது 45 நாளுக்குள் கொடுக்காமல், நிதியாண்டும் முடிந்துவிட்டால், வாங்கியவர் அந்தத் தொகையை அந்த ஆண்டுச் செலவாகக் கழிக்க முடியாது. எந்த ஆண்டில் பணம் கொடுக்கிறாரோ அந்த ஆண்டில்தான் கழிவு. அதாவது உங்கள் பாக்கி அவருடைய லாபமாகக் கணக்கில் ஏறி, அதற்கு அவர் வரி கட்ட வேண்டிவரும். மார்ச் மாதத்தில் கம்பெனி ஆடிட்டர்கள் "சப்ளையரின் உத்யம் சான்றிதழ் அனுப்புங்கள்" என்று கேட்பது இதனால்தான். நாமாகவே முன்கூட்டி அனுப்பி வைப்பது நல்லது. பணம் கேட்டுப் பத்து போன் போடுவதைவிட, ஆடிட்டர் மேஜையில் இருக்கும் அந்த ஒற்றைத் தாள் அதிகம் வேலை செய்யும்.

இத்தனைக்கும் பணம் வரவில்லை என்றால், குறு, சிறு நிறுவனங்கள் வசதியாக்கக் குழுவிடம் போகலாம். இது நீதிமன்றம் இல்லை, மாநில அரசு அமைக்கும் குழு. மத்திய அரசு 2017இல் தொடங்கிய சமாதான் இணையதளம் வழியாக வீட்டிலிருந்தே மனு போடும் வசதி வந்தது. 2025 ஜூனில் இணையவழித் தகராறு தீர்வுக்கென்று தனித் தளமும் தொடங்கப்பட்டது. மனுவோடு ஆர்டர், பில், சலான், உத்யம் சான்றிதழ் ஆகியவற்றை இணைக்க வேண்டும். குழு முதலில் இரு தரப்பையும் அழைத்துச் சமரசம் பேசும். ஒத்துவரவில்லை என்றால் தானே நடுவராக இருந்தோ வேறு அமைப்புக்கு அனுப்பியோ தீர்ப்பு வழங்க ஏற்பாடு செய்யும். 90 நாளில் முடிக்க வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் அதைவிட நீள்வது சகஜம், அந்த மனத்தயாரிப்போடு போங்கள்.

தீர்ப்பு உங்களுக்குச் சாதகமாக வந்து, எதிர்த்தரப்பு அதை ரத்து செய்யச் சொல்லி நீதிமன்றம் போக நினைத்தால், தீர்ப்புத் தொகையில் 75 விழுக்காட்டை முதலில் கட்டிவிட்டுத்தான் போக முடியும். சும்மா இழுத்தடிப்பதற்காக மேல்முறையீடு செய்பவர்களை இந்த 19ஆம் பிரிவு நன்றாகவே யோசிக்க வைக்கிறது. இந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பிரிவு இதுதான்.

எந்த ஊர்க் குழுவிடம் போவது என்பது நம் பகுதிக்கே உரிய கேள்வி. ஆல்பேட்டை செக்போஸ்ட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் முள்ளோடை, அங்கிருந்து வேறு அரசு. பாகூர் பக்கம் போனால் எல்லை எங்கே வருகிறது, எங்கே போகிறது என்று வெளியூர்க்காரருக்குப் புரியவே புரியாது. கடலூர் பட்டறைக்காரர் சேதராப்பட்டு கம்பெனிக்குச் சரக்கு கொடுத்திருந்தால், கம்பெனி இருக்கும் புதுச்சேரிக்கு அலைய வேண்டியதில்லை. 18ஆம் பிரிவின்படி, விற்றவர் எங்கே இருக்கிறாரோ அந்தப் பகுதிக் குழுவுக்குத்தான் அதிகாரம், வாங்கியவர் இந்தியாவில் எங்கே இருந்தாலும் சரி. கடலூர்க்காரர் தமிழ்நாட்டுக் குழுவிடமும், புதுச்சேரிக்காரர் புதுச்சேரிக் குழுவிடமும் போகலாம். "வழக்கென்றால் மும்பை நீதிமன்றத்தில்தான்" என்று ஆர்டரின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தாலும் இது மாறாது.

எல்லை பற்றிப் பேச்சு வந்ததால் ஜிஎஸ்டியையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டுக்குள் மட்டும் சரக்கு விற்பவருக்குப் பதிவு வரம்பு ஆண்டுக்கு 40 லட்சம். புதுச்சேரியில் அது 20 லட்சம். ஆனால் கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு வரிக்குரிய சரக்கு விற்றால் அது மாநிலம் தாண்டிய விற்பனை. கைவினைப் பொருள் போன்ற சில விலக்குகள் தவிர, தொகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் பதிவு வேண்டும். விற்பனைத் தொகையில் ஒரு சிறு விழுக்காட்டை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர் அப்படி விற்கவே முடியாது. ஜாப் ஒர்க்குக்காகப் பொருளை எல்லை தாண்டி அனுப்பினால், மதிப்பு எதுவானாலும், சரக்கோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டான இ-வே பில் போட வேண்டும். பத்து கிலோமீட்டர்தானே என்ற எண்ணத்தில் பலர் இங்கேதான் சிக்குகிறார்கள்.

நெய்வேலி என்எல்சி போன்ற மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களுக்குச் சரக்கு கொடுப்பவர்களுக்குச் சண்டை இல்லாத ஒரு வழி உண்டு. டிரெட்ஸ் என்ற மின்னணுத் தளத்தில் உங்கள் பில்லை ஏற்றி, வாங்கியவர் அதை ஒப்புக்கொண்டதும், பில் பணத்தை முன்கூட்டியே தருவதற்கு எவ்வளவு பிடித்துக்கொள்வோம் என்று வங்கிகள் போட்டி போட்டுக் கழிவு விகிதம் சொல்லும். பிடித்ததை ஏற்றுக்கொண்டால் கழிவு போக மீதிப் பணம் உங்கள் கணக்குக்கு வந்துவிடும். மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களும், 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகளும் இதில் சேர்ந்தாக வேண்டும்.

"மனு போட்டால் பார்ட்டி கைவிட்டுப் போய்விடுமே" என்ற பயம் நியாயமானது. ஒரே கம்பெனியை நம்பிப் பத்துப் பேருக்குக் கூலி கொடுப்பவரிடம் சட்டத்தை மட்டும் பேசுவது முறையாகாது. ஆகையால் முதல் அடி ஒரு கடிதமாக இருக்கட்டும். பில் எண்கள், சரக்கு சேர்ந்த தேதி, கெடு முடிந்த தேதி, இன்றுவரை சேர்ந்த வட்டி, உத்யம் எண், எல்லாம் ஒரே பக்கத்தில். கம்பெனிகள் 45 நாளைத் தாண்டிய இப்படிப்பட்ட பாக்கிகளை அரையாண்டுக்கு ஒருமுறை எம்எஸ்எம்இ-1 படிவத்தில் கம்பெனிப் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதையும் மரியாதையாக நினைவூட்டலாம். பல பாக்கிகள் இந்தக் கட்டத்திலேயே அசையும். பாதிப் பணம் கொடுத்துவிட்டு "முழுக் கணக்கும் தீர்ந்தது" என்று கையெழுத்து கேட்டால் மட்டும் போடாதீர்கள், அது பின்னால் உங்கள் கையைக் கட்டிவிடும்.

பாக்கியைச் சட்டப்படி வசூலிக்க வழக்குப் போடக் காலக்கெடு மூன்று ஆண்டு. அதற்குள் வாங்கியவர் பாக்கியை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையெழுத்திட்டால், அந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு புதிதாக ஓடத் தொடங்கும். ஒவ்வொரு மார்ச் 31க்கும் பாக்கிக் கணக்கு உறுதிக் கடிதம் வாங்கி வைப்பது இதற்காகத்தான்.

வாங்கி விற்கும் கடைக்காரர்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. 2021 ஜூலையில் மொத்த, சில்லறை வியாபாரிகளுக்கும் உத்யம் பதிவு திறந்துவிடப்பட்டது, ஆனால் வங்கிகளின் முன்னுரிமைக் கடனுக்கு மட்டும். அவர்களுக்குக் காசோலைதான் கையில் உள்ள கருவி. காசோலை திரும்பினால், வங்கிச் சீட்டு வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளில் பணம் வரவில்லையென்றால் அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் புகார். காசோலையை உங்கள் கணக்கில் போட்டிருந்தால், உங்கள் வங்கிக் கிளை இருக்கும் ஊர் நீதிமன்றத்திலேயே வழக்கு போடலாம், எதிராளியின் ஊருக்குப் போக வேண்டாம். காசோலையும் இல்லை, தொகை மூன்று லட்சத்துக்கு மேல், அவசர உத்தரவும் தேவையில்லை என்றால், வணிக வழக்குப் போடும் முன் சமரசப் பேச்சுக்குப் போவது கட்டாயம். அதற்கான மனுவைச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் கொடுக்க வேண்டும்.