திரையில் சிந்தும் பெயின்ட்: ஒரு பிளரும் ஒரு வெட்டும்

சூளைமேட்டில் இருந்து ஒரு டிசைன் மாணவர் கேட்டிருக்கிறார்: "ஹோலி நிகழ்ச்சிக்குப் போஸ்டர் செய்கிறேன். பெயின்ட் தெறித்த மாதிரி ரெடிமேட் பிரஷ் போட்டால் ஒட்டவைத்தது போலத் தெரிகிறது. கையால் வரைந்தால் நட்சத்திரம் மாதிரி கூர்கூராக வருகிறது. ஈரப் பெயின்ட் மாதிரி வர என்ன வழி?"

கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. ஈரப் பெயின்டில் கூர்முனை நிற்காது. பதினோராம் வகுப்பில் படித்த பரப்பு இழுவிசைதான் காரணம்: திரவம் தன் பரப்பளவை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்துக்கொள்ளும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனை உள்ளே இழுக்கப்படும், உள்ளே ஒடுங்கிய மூலை நிரம்பும். பலர் முனையை மட்டும் உருட்டிவிட்டு, கிளையும் உடலும் சேரும் உள்மூலையைக் கூராகவே விட்டுவிடுகிறார்கள். கண் அந்த இடத்தில்தான் பொய்யைப் பிடிக்கிறது.

தெறிப்பு உருவாகும் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். துளி தரையில் மோதியதும் மெல்லிய தகடாக விரிகிறது, தகட்டின் விளிம்பு தடித்து விரல் விரலாகப் பிரிகிறது, விரல்கள் அறுந்து சிறுதுளிகளாகப் பறக்கின்றன. ஆங்கிலேய இயற்பியலாளர் வொர்திங்டன் இதையெல்லாம் படம்பிடித்து 1908-லேயே புத்தகமாக்கினார். சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப் போதிய அளவு குறைத்தால், வழவழப்பான பரப்பில் விழும் துளி தெறிக்கவே தெறிக்காது என்று சிகாகோ பல்கலைக்கழகத்தில் 2005-இல் காட்டினார்கள்.

வரைபவருக்கு நேரடியாகப் பயன்படுவது, இழை அறுந்து துளியாகும் கணக்கு. பெல்ஜிய இயற்பியலாளர் பிளாட்டோவும் ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலியும் 19-ஆம் நூற்றாண்டில் போட்டது. பாகுநிலை குறைந்த திரவ இழை ஒன்று அறுந்தால், துளிகளுக்கு இடையிலான தூரம் இழையின் விட்டத்தைப் போல ஏறக்குறைய நாலரை மடங்கு. துளியின் விட்டம் இழையைப் போல 1.9 மடங்கு. ஆக, 10 பிக்சல் தடிமனுள்ள இழை தொடர்ந்து பறந்து அறுந்ததாகக் காட்ட வேண்டுமானால், 19 பிக்சல் துளிகளை 45 பிக்சலுக்கு ஒன்றாக வையுங்கள். நடுநடுவே மிகச் சிறிய துணைத்துளி ஒன்றிரண்டு இருந்தால் இன்னும் உண்மையாகத் தெரியும். ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று பிக்சல் இடம்மாற்றினால் போதும்.

இனி முக்கியமான விஷயம். பரப்பு இழுவிசை செய்யும் இந்த உருட்டலைச் செய்ய, எல்லா மென்பொருளிலும் இருக்கும் இரண்டு சாதாரணக் கட்டளைகள் போதும்: படத்தை மங்கலாக்கும் காசியன் பிளர், பிறகு ஓர் அளவுக்குக் கீழே உள்ளதைக் கறுப்பாகவும் மேலே உள்ளதை வெள்ளையாகவும் வெட்டும் த்ரெஷோல்டு. வெள்ளைத் தளத்தில் கறுப்பில் வரைந்து, மங்கலாக்கி, சாம்பல் நிறத்தின் நடுப்புள்ளியில் (255-க்கு 128) வெட்டினால், கூர்முனை பின்வாங்கியிருக்கும், உள்மூலை நிரம்பியிருக்கும், அருகருகே இருந்த துளிகள் கழுத்துவிட்டுச் சேர்ந்திருக்கும்.

காரணத்தைப் பாருங்கள். பிளர் என்பது ஒவ்வொரு பிக்சலும் சுற்றுப்புறத்தின் சராசரியை எடுத்துக்கொள்வது. நேரான விளிம்பில் நிற்கும் பிக்சலுக்குப் பாதி கறுப்பும் பாதி வெள்ளையும் தெரியும். சராசரி சரியாக நடுவில் விழும். வெட்டிய பிறகும் விளிம்பு அதே இடத்தில் இருக்கும். கூர்முனையில் நிற்கும் பிக்சலைச் சுற்றி வெள்ளைதான் அதிகம், அதனால் அது வெள்ளையாகிவிடும். உள்மூலையை அடுத்த வெள்ளைப் பிக்சலைச் சுற்றிக் கறுப்பு அதிகம், அது கறுப்பாகிவிடும். வளைவு எவ்வளவு கடுமையோ, விளிம்பு அவ்வளவு வேகமாக நகரும். விளிம்பு தன் வளைவுக்கு ஏற்ப நகரும் இந்த இயக்கத்தை, உலோகத்தில் படிகமணிகளின் எல்லை நகர்வதை விளக்க 1956-இல் இயற்பியலாளர் மல்லின்ஸ் எழுதினார். அதையே பிளரும் வெட்டுமாக மாறி மாறிச் செய்து கணிக்கலாம் என்று 1992-இல் கணித ஆய்வாளர்கள் மெரிமன், பென்ஸ், ஓஷர் மூவரும் காட்டினார்கள். உண்மையான திரவத்தில் பருமன் மாறாமல் இருக்க வேண்டும், ஓட்டமும் சேரும், இதில் அந்த இரண்டும் இல்லை. ஆனால் உறைந்து நிற்கும் ஒரு கறையின் விளிம்புக்கு இது அபாரமாகப் பொருந்துகிறது. உலோகத்துக்காகப் போட்ட கணக்கு போஸ்டருக்கு வந்து உதவுகிறது! நம் நாட்டில் ஆராய்ச்சிக்கு ஆகும் மொத்தச் செலவு உள்நாட்டு உற்பத்தியில் 1 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. அதிலும் "இதனால் உடனே என்ன பயன்?" என்று கேட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறார்கள். 1956-இல் மல்லின்ஸிடம் அப்படிக் கேட்டிருந்தால் இந்தப் பயனை அவரால் சொல்லியிருக்கவே முடியாது.

கணக்கு தெரிந்தால் பிளரின் அளவைக் குத்துமதிப்பாக வைக்க வேண்டியதில்லை. கிம்ப் என்ற இலவசப் பட மென்பொருளில் நீங்கள் கொடுக்கும் எண் திட்ட விலக்கம், அதாவது மங்கல் எவ்வளவு தூரம் பரவுகிறது என்பதன் அளவு. ஃபோட்டோஷாப்பில் ஏறக்குறைய அதுவே. அது 10 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். ஆரம் 12 பிக்சலுக்குக் குறைவான தனித்துளி முழுதாக மறைந்துவிடும், ஏனென்றால் அதன் மையத்திலேயே கறுப்பு பாதியை எட்டாது (எல்லை, பிளரைப் போல 1.18 மடங்கு). எதிரெதிரான இரண்டு நேர்விளிம்புகளுக்கு நடுவே 13 பிக்சலுக்குக் குறைவான இடைவெளி இருந்தால் அடைபட்டுவிடும். வட்டத் துளிகள் சேர இன்னும் நெருங்கியிருக்க வேண்டும். "பிளர் போட்டதும் பொடித்துளியெல்லாம் காணாமல் போய்விட்டது" என்று பலர் திகைப்பது இதனால்தான். பொடித்துளிகளைத் தனி லேயரில் வைத்து, உருட்டல் முடிந்தபின் சேருங்கள்.

முனை உருள வேண்டும், ஆனால் பக்கத்துத் துளிகள் ஒட்டக் கூடாது என்றால்? 8 பிக்சல் பிளரை ஒருமுறை போடுவதற்குப் பதில், 4 பிக்சல் பிளரும் வெட்டுமாக நான்கு முறை செய்யுங்கள். பிளரின் வர்க்கங்கள்தான் கூடும்: நான்கு பதினாறு 64, எட்டின் வர்க்கமும் 64. உருட்டல் ஏறக்குறைய ஒன்றே. அடைபடும் இடைவெளி மட்டும் 11 பிக்சலில் இருந்து 5-க்கு இறங்கிவிடும்.

செய்முறையில் இரண்டு இடங்களில் தவறு நடக்கும். முதலாவது, ஒளிபுகும் லேயரில் வரைந்துவிட்டு பிளர் போடுவது. அங்கே மங்குவது ஒளிபுகும் தன்மைதான், நிறம் கறுப்பாகவே இருக்கும். த்ரெஷோல்டுக்கு வெட்ட எதுவும் கிடைக்காது. கீழே வெள்ளை லேயர் வைத்து இரண்டையும் ஒன்றாக்கிய பிறகே பிளர் போட வேண்டும். இரண்டாவது, த்ரெஷோல்டு விளிம்பைப் படிக்கட்டாக வெட்டிவிடும். கடைசி வெட்டுக்கு மட்டும், கறுப்பும் வெள்ளையும் எங்கே தொடங்க வேண்டும் என்று தனித்தனியாக வைக்கும் லெவல்ஸ் கட்டளையை எடுத்து, உள்ளீட்டில் கறுப்பை 118, வெள்ளையை 138 என்று வையுங்கள். 10 பிக்சல் பிளருக்கு விளிம்பில் சுமார் 2 பிக்சல் மென்மை மிஞ்சும், அதுவே சரியான அளவு. வெட்டும் புள்ளியை 128-இல் இருந்து 200-க்கு ஏற்றினால் கறை எல்லாப் பக்கமும் 8 பிக்சல் ஊதும். கெட்டியான எனாமல் தோற்றத்துக்கு அது உதவும்.

சாய்வாக வந்து விழுந்த துளிக்கு இன்னொரு அழகான சூத்திரம் உண்டு. ரத்தக்கறையை ஆராயும் தடயவியலாளர்கள் பயன்படுத்துவது: கறையின் அகலத்தை நீளத்தால் வகுத்தால், அது மோதிய கோணத்தின் சைன். ஃபோட்டோஷாப் பிரஷ் அமைப்பில் உள்ள ரவுண்ட்னஸ் எண்ணும் இதே விகிதம்தான், சதவீதத்தில்! 100 என்றால் நேர்க்குத்தாக விழுந்தது, 87 என்றால் 60 டிகிரி, 71 என்றால் 45, 50 என்றால் 30. தெறித்த இடத்துக்கு அருகில் 90, தொலைவில் 50 என்று குறைத்துக்கொண்டே போங்கள். ஆங்கிளை டைரக்‌ஷனுக்கு (இழுக்கும் திசைக்கு) மாற்றி, நடுவில் இருந்து வெளிப்பக்கமாக இழுங்கள். அளவைத் தானாக மாற்றும் சைஸ் ஜிட்டரை மட்டும் நம்பினால் பெரியதும் சிறியதும் சம எண்ணிக்கையில் வந்து செயற்கையாகத் தெரியும். பெரியது ஐந்தாறு, நடுத்தரம் முப்பது, பொடி இருநூறுக்கு மேல் என்று மூன்று தவணையாகப் போடுங்கள். பொடிக்கு ஸ்கேட்டர் (சிதறல்) 400 சதவீதம், கவுன்ட் (எண்ணிக்கை) 4 போதும்.

வழியும் பெயின்டுக்கு விதி வேறு. பூச்சு வழியும் வேகம் அதன் தடிமனின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். இரண்டு மடங்கு தடித்த இடம் நான்கு மடங்கு வேகமாக இறங்கும். அதனால் கறையில் பெயின்ட் அதிகம் தேங்கிய இடத்தில் இருந்துதான் நீளமான வழிசல் வர வேண்டும். மெல்லிய இடம் நகராமலே இருக்கலாம்: சுவர்ப் பெயின்ட்டுகளுக்கு ஓடத் தொடங்க ஒரு குறைந்தபட்ச விசை தேவை. அது 2 பாஸ்கல், அடர்த்தி தண்ணீரைப் போல 1.2 மடங்கு என்றால், 0.17 மில்லிமீட்டருக்கு மெலிந்த பூச்சு அப்படியே நின்றுவிடும். பொடித்துளியில் இருந்து வழிசல் வரைந்தால் பொய்யாகத் தெரிவது இதனால்தான்.

விளிம்பு முழுக்க வழியும்போது, விரல்களின் இடைவெளி ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும், நீளம்தான் ஏறுக்குமாறாக இருக்கும். இந்த விரல்பிரிவைத் திரவ ஓட்ட ஆய்வாளர் ஹப்பர்ட் 1982-இல் ஆராய்ந்து எழுதினார். புதிதாக வரைபவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். சென்னையில் மேம்பாலத் தூண்களுக்கும் பள்ளிச் சுற்றுச்சுவர்களுக்கும் பெயின்ட் அடிக்கும் நாட்களில் நின்று பார்த்தால் தெரியும்: வழிசல் கீழே போகப்போக முக்கோணமாகக் குறுகாது. ஒரே அகலத்தில் இறங்கி, நுனியில் தடிக்கும். காய்ந்த சுவரை நனைத்து முன்னேற வேண்டியிருப்பதால் நுனி தயங்குகிறது, பின்னால் வரும் பெயின்ட் அங்கே சேர்ந்துவிடுகிறது. 16 பிக்சல் கெட்டி பிரஷ்ஷால் நேர்கோடு இழுத்து, நுனியில் 22 பிக்சல் வட்டம் வைத்து, 4 பிக்சல் பிளரும் வெட்டும் கொடுங்கள். மேலே கறையோடு சேரும் மூலையும் கீழே நுனியும் தாமாக உருளும். தெறிப்பை எந்தக் கோணத்திலும் திருப்பலாம். வழிசலோடு சேர்த்துத் திருப்பினால் பெயின்ட் பக்கவாட்டில் ஓடும், ஆகவே வழிசலைக் கடைசியில் வரையுங்கள்.

இங்கே சொன்ன பிக்சல் எண்களெல்லாம் 150 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 150 புள்ளி) ஏ3 தாளுக்கு, அதாவது 1754க்கு 2480. 300 டிபிஐயில் வேலை செய்தால் எல்லாவற்றையும் இரண்டால் பெருக்குங்கள், பிளர் உட்பட; இல்லாவிட்டால் அதே 10 பிக்சல் பாதி உருட்டலாகத்தான் தெரியும். ஃப்ளெக்ஸுக்குப் போகிற படமானால், வெட்டிய கறுப்பு வடிவத்தை இங்க்ஸ்கேப் மென்பொருளில் ட்ரேஸ் பிட்மேப் கொடுத்து, எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத வெக்டராக்கிவிடுங்கள். இருநிற வடிவம் என்பதால் சுத்தமாக வரும், நிறத்தை அதன் பிறகு நிரப்பலாம்.