மார்ஃபின் மாத்திரையும் ஃபென்டனில் பேட்ச்சும்: விதி எங்கே, அளவு எப்படி?

கடும் வலிக்கு மார்ஃபின் மாத்திரையோ, ஃபென்டனில் என்ற அதே வகை மருந்தைத் தோல் வழியே செலுத்தும் ஒட்டுப்பட்டையான பேட்ச்சோ எழுதிக் கொடுத்தால் வீட்டில் இரண்டு பயம் வரும். போலீஸ் கேஸ் ஆகுமோ என்பது ஒன்று, பழக்கமாகிவிடுமோ என்பது இன்னொன்று. முதல் பயத்துக்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது.

1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் மருத்துவப் பயன்பாட்டைத் தடுக்கவே இல்லை. சிக்கல் உரிமங்களில்தான் இருந்தது. மார்ஃபின் வாங்கி இருப்பு வைக்க மருத்துவமனைகள் வெவ்வேறு துறைகளிடம் நான்கைந்து உரிமங்கள் பெற வேண்டியிருந்தது; ஒன்று காலாவதியானாலும் மற்றவை வீணாகின. 2014-ல் வந்த திருத்தம் 'அத்தியாவசிய போதை மருந்துகள்' என்று தனி வகையை உண்டாக்கியது. மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன், ஆக்சிகோடோன், கோடீன், ஹைட்ரோகோடோன் ஆகிய ஆறும் அதில் அடங்கும். 2015 மே மாத விதிகளின்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி தரும் ஒரே அங்கீகாரம் போதும். வலி நிவாரண சிகிச்சையில் பயிற்சி பெற்ற மருத்துவர் அந்த மருத்துவமனையில் இருக்க வேண்டும், இருப்புக் கணக்கு எழுத வேண்டும். மருத்துவர் எழுதி, முறைப்படி கொடுக்கப்பட்ட மருந்தை நோயாளி தன் தேவைக்கு வைத்திருப்பது குற்றமல்ல. புற்றுநோய்க்கு மட்டும்தான் என்ற கட்டுப்பாடும் கிடையாது.

தெருமுனை மெடிக்கலில் 'ஸ்டாக் இல்லை' என்றால் அலைய வேண்டாம். பெரும்பாலான கடைகள் வைப்பதில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ புற்றுநோய் மருத்துவமனையிலோ வலி நிவாரண, ஆதரவு சிகிச்சைப் பிரிவை (நோயின் வலியையும் வேதனையையும் குறைக்கும் பிரிவை) கேளுங்கள். தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து ஆதரவு சிகிச்சை தரும் ஏற்பாடும் உண்டு. டிஸ்சார்ஜ் சம்மரி, இப்போது சாப்பிடும் மருந்துகளின் பட்டியல், மீதமிருக்கும் மாத்திரை அட்டை மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். பயணத்தின்போது மருந்துச்சீட்டு கூடவே இருக்கட்டும்.

இனி அளவு. சாதாரண மார்ஃபின் மாத்திரை சுமார் 4 மணி நேரம் வேலை செய்யும். ஒருவருக்கு வேளைக்கு 10 மி.கி., நாளுக்கு 6 வேளை என்றால் மொத்தம் 60 மி.கி. இடையில் திடீரென வலி கிளம்பினால் கொடுக்கும் கூடுதல் வேளை, நாள் மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு. இவருக்கு 10 மி.கி. ஒரே நாளில் 3 கூடுதல் வேளை தேவைப்பட்டால் உண்மையான தேவை 90 மி.கி. என்று தெரிகிறது. மருத்துவர் வேளை அளவை 15 மி.கி. ஆக்குவார், கூடுதல் வேளையும் 15 ஆகும். இந்தக் கணக்குக்கு ஆதாரம் நேரம் போட்டு எழுதிய ஒரு நோட்டுதான். 'வலி வந்தால் மட்டும் கொடுப்போம்' என்று வேளையைத் தள்ளிப்போடுவதுதான் வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு. முற்றிய வலியை அடக்கக் கூடுதல் மருந்து வேண்டியிருக்கும்.

பேட்ச்சின் கணக்கே வேறு. அதில் இருக்கும் எண் மணிக்கு எத்தனை மைக்ரோகிராம் என்பதைக் குறிக்கும். நாளுக்கு 60 மி.கி. மார்ஃபின் சாப்பிடுபவருக்கு ஏறக்குறைய 25 எண் ஃபென்டனில் பேட்ச். ஆகவே இதுவரை மார்ஃபின் வகை மருந்தே எடுக்காதவருக்கு அது ஆபத்தான அளவு, மூச்சு அடங்கிவிடக்கூடும். பலன் தெரிய 12 முதல் 24 மணி நேரம் ஆகும். காலையிலும் வலி இருக்கிறதே என்று இன்னொன்றை ஒட்டிவிட்டால், இரண்டும் சேர்ந்து இரவில் தாக்கும். கழற்றினாலும் தோலடியில் தேங்கிய மருந்து உடனே போகாது. இரத்தத்தில் பாதியாகக் குறையவே 17 மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம்.

ஒட்டும் இடம் முடியில்லாத சமமான தோலாக இருக்கட்டும். முடியைக் கத்தரியால் வெட்டலாம், மழிக்கக் கூடாது. சோப்பு, எண்ணெய் வேண்டாம், வெறும் தண்ணீரால் துடைத்துக் காயவிட்டு ஒட்டி, உள்ளங்கையால் 30 விநாடி அழுத்துங்கள். பேட்ச்சின் மேலேயே தேதி, நேரம் எழுதுங்கள். 72 மணி நேரத்துக்கு ஒருமுறை பழையதை எடுத்த பிறகே புதியதை வேறிடத்தில் ஒட்ட வேண்டும். வெந்நீர்ப் பை, சூடான குளியல், காய்ச்சல் எல்லாம் மருந்தை வேகமாக உள்ளே இழுக்கும். புப்ரினார்ஃபின் என்ற இன்னொரு வலி மருந்தின் பேட்ச் பொதுவாக 7 நாளுக்கு ஒருமுறை மாற்றுவது, அதன் எண்களும் வேறு. இரண்டையும் குழப்பக் கூடாது.

இனி இரண்டாவது பயம். பழகிப்போதல் என்பது அடிமையாவது அல்ல. அதே அளவுக்கு உடல் பழகிப் பலன் குறைவது மட்டுமே. குமட்டலும் தூக்கக் கலக்கமும் சில நாளில் பழகிவிடும். மலச்சிக்கல் பழகவே பழகாது, ஆகவே மலமிளக்கி முதல் நாளிலிருந்தே வேண்டும். தேவை திடீரென ஏறினால் நோய் முன்னேறியிருக்கலாம், பரிசோதனை தேவை. திடீரென நிறுத்தினால் வியர்வை, வயிற்றுப்போக்கு, பதற்றம் வரும். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். சில வாரம் நிறுத்தியவருக்கு மருந்தைத் தாங்கும் அந்தப் பழக்கம் போய்விடும். பழைய அளவையே மறுபடி கொடுப்பது உயிருக்கே ஆபத்து.

எழுப்பினாலும் எழாத தூக்கம், ஊசிமுனை போலச் சுருங்கிய கண்மணி, நிமிடத்துக்கு 8-க்கும் குறைவான மூச்சு தெரிந்தால் பேட்ச்சைக் கழற்றிவிட்டு 108-ஐ அழையுங்கள். நலாக்ஸோன் ஊசி இதற்கு மாற்று மருந்து. சிறுநீரகம் பழுதானவருக்கு மார்ஃபின் உடலில் சிதைந்து உண்டாகும் கழிவு தேங்கும், கை கால் வெட்டி இழுப்பது அதன் அறிகுறி.

கழற்றிய பேட்ச்சிலும் குழந்தையைக் கொல்லும் அளவு மருந்து மிச்சமிருக்கும். பசைப்பக்கம் உள்ளே வரும்படி மடியுங்கள். மிஞ்சிய மாத்திரைகளையும் புதிய பேட்ச்களையும் வாங்கிய இடத்திலேயே எண்ணி ஒப்படையுங்கள்.