அலாய் வீலில் ஆசிட் ஊற்றாதீர்கள்

ஆசிட் பட்டு வெளுத்த அலாய் வீல் இன்னொன்று வேலைக்கு வந்திருக்கிறது. ஸ்போக்குகளின் மேல் தண்ணீர் வழிந்த தடம் போலச் சாம்பல் வெள்ளைக் கோடுகள். பெயின்டின் மேல் அடிக்கும் நிறமற்ற பாதுகாப்புப் பூச்சான கிளியர் கோட் பால் போல மங்கி, விளிம்பில் தோலுரிந்து நிற்கிறது. நட் துளைகளைச் சுற்றிலும் கறுப்பு. உரிமையாளர் எடுக்க நினைத்தது பத்துப் பதினைந்து ஆரஞ்சுப் பொட்டுகளை மட்டும்தான். சரியான திரவத்தைத் தெளித்து ஐந்து நிமிடம் பொறுத்திருந்தால் அவை போயிருக்கும். இப்போது பெயின்டை முழுக்க உரித்து, பிரைமர், கலர், கிளியர் கோட் என்று முதலிலிருந்து செய்ய வேண்டும். ஒரே தவறு இப்படித் திரும்பத் திரும்ப வருவதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் அந்தத் தவறான எண்ணத்தைக் களைந்துவிடுவோம். "வீல் துருப்பிடித்துவிட்டது" என்கிறார்கள். அலாய் வீல் துருப்பிடிக்காது. துரு என்பது இரும்பு ஆக்சைடு. இரும்பு இருந்தால்தான் துரு வரும். கார்களில் வரும் வார்ப்பு அலாய் வீலில் 90 சதவீதத்துக்கு மேல் அலுமினியம். மீதியில் பெரும்பங்கு சிலிக்கான், கொஞ்சம் மெக்னீசியம். இரும்பு இருந்தாலும் மிகச் சொற்பம். அது ஆரஞ்சுப் பொட்டாக வெளியே வராது. அலுமினியமும் கெட்டுப்போகும், ஆனால் வெள்ளையாகத்தான் கெடும். சிவப்பாகக் கெடாது.

அப்படியானால் அந்தப் பொட்டு எங்கிருந்து வந்தது? பிரேக்கிலிருந்து. வீலோடு சுழலும் டிஸ்க் வார்ப்பிரும்பு. அதை அழுத்திப் பிடிக்கும் பேடுகளில் பெரும்பாலானவற்றிலும் இரும்புத் தூளோ எஃகு நாரோ கலந்திருக்கிறது. ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் சூடான இரும்புத் துகள்கள் தெறித்து, வீலின் கிளியர் கோட்டில் போய்ப் பதிகின்றன. அதன்மேல் ஈரம் பட்டதும் துகள் துருப்பிடித்து உப்புகிறது. உப்பி இன்னும் ஆழமாகக் கடித்துக்கொள்கிறது. ஒரு பொட்டை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். நடுவில் கடுகை விடச் சிறிய கறுப்புப் புள்ளி, அதைச் சுற்றி ஆரஞ்சு வளையம் தெரியும். கறுப்பு, வந்து ஒட்டிய இரும்பு. வளையம், அதன் துரு. கழுவித் துடைத்த வீலின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு விரலை ஓட்டினால் உப்புத்தாளைத் தடவுவது போலச் சொரசொரக்கும். முன் வீல்களில் பொட்டு அதிகமாகவும் பின் வீல்களில் குறைவாகவும் இருப்பதும் இதனால்தான். பிரேக் வேலையில் பெரும்பகுதியை முன் பிரேக்குகள்தான் செய்கின்றன. வெல்டிங், கிரைண்டிங் நடக்கும் இடத்தின் அருகே வண்டியை நிறுத்தினால் நான்கு வீல்களிலும், பாடியிலும்கூட இதே பொட்டுகள் வரும்.

ஆக, துருப்பிடித்தது வீல் அல்ல, வீலின் மேல் விழுந்த தூசி. இதைப் புரிந்துகொண்டால் பாதி வீல்கள் தப்பித்துவிடும்.

ஆசிட் ஊற்றினால் பொட்டு போகிறதே என்று கேட்பார்கள். போகத்தான் செய்யும். பாத்ரூம் ஆசிட் என்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். துருவைக் கரைப்பது அதன் இயல்பு. கரைத்துவிட்டு அது அங்கேயே நின்றுவிடாது என்பதுதான் சிக்கல். கிளியர் கோட்டில் இருக்கும் கல் பட்ட குழி, கெர்ப் (நடைபாதை ஓரக்கல்) உரசிய கீறல், நட் துளையின் ஓரம் என்று எங்கெல்லாம் வழி இருக்கிறதோ அங்கெல்லாம் உள்ளே இறங்கி அலுமினியத்தைத் தின்னும். மேலே பளபளப்பாகத் தெரியும் வீலில் சில வாரங்களில் கிளியர் கோட் குமிழ் குமிழாக எழும்புவது அதனால்தான். வழிந்த ஆசிட் டிஸ்க், பேடுகளைப் பிடித்திருக்கும் காலிப்பர், நட் மேலும் போகிறது. ஆவி பட்ட இடத்தில்கூடத் துரு பிடிக்கும்.

ஆசிட் வேண்டாம் என்றதும் சிலர் அடைப்பு நீக்கும் காஸ்டிக்கையும் அடுப்புக் கிளீனரையும் எடுக்கிறார்கள். அதுவும் வேண்டாம். அலுமினியத்தை அமிலமும் தின்னும், காரமும் தின்னும். அதைக் காக்கும் ஆக்சைடு படலம் ஏறக்குறைய 4 முதல் 8.5 வரையிலான பிஎச் அளவில்தான் நிலையாக இருக்கும். வினிகர் வீரியம் குறைந்தது என்றாலும் ஊற விட்டால் கிளியர் கோட் இல்லாத அலுமினியத்தை மங்கலாக்கும்.

சில கடுமையான வீல் கிளீனர்களில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ அம்மோனியம் பைஃபுளோரைடோ இருக்கும். லேபிளில் இந்தப் பெயர்களைப் பார்த்தால் தயவுசெய்து கீழே வைத்துவிடுங்கள். நீர்த்த நிலையில் தோலில் பட்டால் உடனே வலிக்காது. சில மணி நேரம் கழித்துத்தான் வலி தொடங்கும். அதற்குள் அது தசைக்குள் ஊடுருவி, உடலின் கால்சியத்தோடு சேர்ந்திருக்கும். ஒரு வீலுக்காக இந்த ஆபத்து வேண்டாம். பட்டுவிட்டால் தண்ணீரில் கழுவிக்கொண்டே மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்யுங்கள். வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

அடுத்த தவறு இரும்பு நார். பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாராலோ கம்பி பிரஷ்ஷாலோ அலாய் வீலைத் தேய்த்தால் கிளியர் கோட் கீறுவது ஒரு பக்கம். அந்தக் கீறல்களில் நாரின் துணுக்குகளே உடைந்து பதிந்துவிடும். அடுத்த மழைக்கு முன்பை விட அதிகமாகப் பொட்டு வரும். "எடுத்தேன், திரும்ப வந்துவிட்டது" என்று சொல்பவர்களில் பலர் இதைத்தான் செய்திருக்கிறார்கள்.

எப்படி எடுப்பது

வீல் தொட்டால் குளிர்ந்திருக்க வேண்டும். வண்டி நிழலில் நிற்க வேண்டும். முதலில் தண்ணீர் பீய்ச்சி மண்ணை இறக்கிவிட்டு, கார் ஷாம்பு போட்டு மென்மையான பிரஷ்ஷால் கழுவி அலசுங்கள். அழுக்கோடு திரவம் தெளித்தால் அது அழுக்கில்தான் வேலை செய்யும். தண்ணீர் வடிந்த பின், 'ஃபால்அவுட் ரிமூவர்' அல்லது 'அயர்ன் ரிமூவர்' என்று விற்கும் இரும்பு நீக்கியைத் தெளியுங்கள். அம்மோனியம் தையோகிளைக்கோலேட்டோ சோடியம் தையோகிளைக்கோலேட்டோ உள்ள, நடுநிலை பிஎச் கொண்ட வகையாகப் பார்த்து வாங்குங்கள். ஒரு வீலுக்கு 50 முதல் 100 மில்லி போதும். இரும்பு உள்ள இடமெல்லாம் ஊதா நிறமாகி வழியும். கந்தக நாற்றம் அடிக்கும். கெட்டுப்போன திரவம் என்று நினைக்க வேண்டாம். கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள், திறந்த வெளியில் செய்யுங்கள், வேறு எந்த ஆசிட்டோடும் பிளீச்சோடும் கலக்காதீர்கள்.

3 முதல் 5 நிமிடம் விடுங்கள். குப்பியில் வேறு நேரம் போட்டிருந்தால் அதுவே கணக்கு. காய விடக் கூடாது. காய்ந்தால் கறை பிடிக்கும், அந்தக் கறையை எடுப்பது பொட்டை எடுப்பதை விடச் சிரமம். அதனால் நான்கு வீலுக்கும் ஒரேயடியாகத் தெளிக்காமல் ஒவ்வொன்றாக முடியுங்கள். பிரஷ்ஷால் லேசாகத் தேய்த்து நிறையத் தண்ணீரில் அலசிவிட்டு, மறுபடி ஒருமுறை தெளியுங்கள். இப்போதும் ஊதா வந்தால் இரும்பு மிச்சம் இருக்கிறது. ஊதா வருவது நின்றுவிட்டால் வேலை முடிந்தது. வருடக்கணக்கில் விட்ட வீலுக்கு மூன்று சுற்றுகூட ஆகும்.

அதன் பிறகும் கறுப்பாகப் பிசுபிசுவென்று ஒட்டியிருப்பது தார். அதற்கு இரும்பு நீக்கி உதவாது, தார் நீக்கி வேண்டும். சொரசொரப்பு மட்டும் மிச்சம் இருந்தால் ஷாம்பு தண்ணீர் தெளித்துக் கிளே பாரை (துகள்களை ஒட்டியெடுக்கும் களிமண் போன்ற கட்டி) அழுத்தாமல் ஓட்டுங்கள். கீழே விழுந்த கிளேயைத் தூக்கிப் போடுங்கள். அதில் ஒட்டிய மணல் வீலைக் கீறிவிடும். எல்லாம் எடுத்த பிறகும் ஊசி குத்தியது போலக் குழி தெரிந்தால் அங்கே துகள் கிளியர் கோட்டைத் தின்றுவிட்டது என்று பொருள். அதைத் தேய்த்துச் சமமாக்கப் பார்த்தால் சுற்றியுள்ள கிளியர் கோட்டும் போய்விடும். விட்டுவிட்டு மேலே பாதுகாப்புப் பூச்சான சீலன்ட் போடுங்கள்.

உங்கள் வீலுக்குக் கிளியர் கோட் உண்டா என்ற சந்தேகம் இருந்தால், மறைவான ஓரத்தில் துளி மெட்டல் பாலிஷை வெள்ளைத் துணியில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். துணி கறுத்தால் அது வெறும் அலுமினியம். அதில் எந்தத் திரவத்தையும் சிறு இடத்தில் சோதிக்காமல் பயன்படுத்தக் கூடாது.

கெர்ப் உரசலில் தொடங்கி, கிளியர் கோட்டுக்கு அடியில் புழு ஊர்ந்தது போல வெள்ளைக் கோடுகள் பரவியிருந்தால் அது வேறு நோய். அதுதான் அலுமினியத்தின் அரிப்பு. எந்தக் கிளீனரும் அதைத் தொடாது. உரித்துத்தான் பெயின்ட் அடிக்க வேண்டும். கீறல் விழுந்த வாரமே அந்த இடத்தில் மட்டும் டச்-அப் பெயின்ட் வைத்திருந்தால் பெரும்பாலும் இது வந்திருக்காது.

ஸ்டீல் வீல் என்றால் கதை வேறு

காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது எஃகு, துருவும் அதனுடையதேதான். இங்கே கம்பி பிரஷ் தாராளமாக உதவும். வண்டி தரையில் நிற்கும்போதே நட்டுகளைக் கால் சுற்று தளர்த்தி, பிறகு ஜாக்கி வைத்து, ஸ்டாண்டு கொடுத்து வீலைக் கழற்றுங்கள். உதிரும் துரு முழுவதையும் பிரஷ்ஷால் எடுத்து, 80 நம்பர் உப்புத்தாள், பிறகு 180, பிறகு 320 என்று போங்கள். பழைய பெயின்டின் ஓரம் விரலுக்குப் படி போலத் தட்டக் கூடாது. தட்டினால் புதுப் பெயின்ட் அங்கிருந்துதான் உரியும். டயரில் காற்றைக் குறைத்து, ரிம்முக்கும் டயருக்கும் நடுவே தடித்த அட்டைத் துண்டுகளைச் சுற்றிலும் செருகினால் டயரில் பெயின்ட் படாது.

குழிகளில் எட்டாமல் நிற்கும் துருவுக்கு ரஸ்ட் கன்வெர்ட்டர். அது துருவோடு சேர்ந்து கறுப்புப் படலமாக மாறும். செதில் செதிலாக நிற்கும் துருவின் மேல் அதைப் பூசுவது வீண். செதிலோடு சேர்ந்து உதிரும். குப்பியில் சொன்ன நேரம், பெரும்பாலும் 24 மணி நேரம், காய விடுங்கள். பிறகு எபாக்ஸி பிரைமர் இரண்டு மெல்லிய கோட், வீல் பெயின்ட் இரண்டு மூன்று கோட், கிளியர் இரண்டு கோட். ஒவ்வொன்றுக்கும் நடுவே 10 முதல் 15 நிமிடம், ஸ்பிரே கேன் 20 முதல் 25 சென்டிமீட்டர் தள்ளி. அவசரத்தில் கனமாக அடித்தால் வழியும். ஈரப்பதம் மிகுந்த நாளில் அடித்தால் கிளியர் வெளுக்கும்.

ஹப்பில் (வண்டியில் வீல் மாட்டப்படும் நடுப்பகுதி) உட்காரும் முகத்திலும், நட் உட்காரும் கூம்புக் குழியிலும் பெயின்ட் கனமாகப் படியக் கூடாது. டேப் ஒட்டி மறையுங்கள். அங்கே படிந்த பெயின்ட் ஓட்டத்தில் நசுங்கி உதிரும். உதிர்ந்தால் நட்டின் இறுக்கம் குறையும். மாட்டும்போது குறுக்கு வரிசையில், வண்டியின் கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்குங்கள். பெரும்பாலான கார்களுக்கு அது 80 முதல் 140 நியூட்டன் மீட்டருக்குள் வரும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி சரிபாருங்கள்.

அழகுப் பிரச்சினை அல்லாத துருவும் உண்டு. நட் துளையிலிருந்து வெளிப்புறமாகச் சிவப்புக் கோடுகள் வழிந்திருந்தால் துடைத்துவிட்டுப் போகாதீர்கள். நட் தளர்ந்து உரசுவதன் அடையாளமாக அது இருக்கலாம். உடனே இறுக்கத்தைப் பாருங்கள். ஸ்டீல் வீலின் காற்றுத் துளைகளின் ஓரத்தில் மெல்லிய துருக்கோடு தெரிந்தால் விரிசலா என்று பார்க்க வேண்டும். நடுத்தட்டும் ரிம்மும் வெல்டிங்கில் சேரும் இடத்தில் எஃகு செதிலாக உதிர்ந்தால் அந்த வீலுக்குப் பெயின்ட் வேண்டாம், வேறு வீல் போடுங்கள். பஞ்சர் இல்லாமல் காற்று மட்டும் மெல்ல இறங்குகிறதென்றால் டயரின் பீட் (ரிம்மில் பொருந்தும் உள் ஓரம்) உட்காரும் விளிம்பில் துருவோ வெள்ளை அரிப்போ இருக்கலாம்; டயரைக் கழற்றித்தான் சுத்தம் செய்ய முடியும். ரிம் ஓரத்தில் ஒரே இடத்திலிருந்து பழுப்பு வழிந்தால் அங்கே எஃகு பேலன்ஸ் வெயிட் (வீல் அதிராமல் சுழல மாட்டும் சிறு எடை) இருக்கிறதா பாருங்கள். அதை மாற்றினால் போதும், வீலில் கைவைக்க வேண்டியதில்லை.

வராமல் தடுக்க

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீலைக் கழுவுங்கள். கடற்கரையோரம் ஓடும் வண்டிக்கும், உப்புத் தூவிய சாலையில் ஓடும் வண்டிக்கும் வாரம் ஒருமுறை. முகப்பை மட்டும் துடைத்து நிறுத்தாதீர்கள். உள்பக்கத்தில்தான் தூசி கெட்டியாகச் சேர்கிறது. வீலுக்கென்று தனி வாளி, தனி துணி. அதே துணியால் பாடியைத் துடைத்தால் இரும்புத் துகள்களால் கீறுகிறீர்கள்.

பொட்டெல்லாம் எடுத்துச் சுத்தமான வீலில் வீல் சீலன்ட் போட்டு, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பியுங்கள். செராமிக் கோட்டிங் கூடுதல் காலம் தாங்கும். ஆனால் பொட்டுகளின் மேலேயே கோட்டிங் போட்டுவிட்டு வருகிறார்கள். துருவை உள்ளே வைத்துப் பூட்டியது போலத்தான் அது. முதலில் இரும்பு நீக்கி, பிறகுதான் கோட்டிங். அடிக்கடி பொட்டு வருகிறதென்றால், பேட் மாற்றும் நேரத்தில் உங்கள் வண்டிக்குப் பொருந்தும் செராமிக் பேட் கிடைக்குமா என்று கேளுங்கள்; அதிலிருந்து வரும் தூசியில் இரும்பு குறைவு.

நீண்ட தூரம் ஓட்டிவிட்டு வந்ததும் சூட்டோடு சூடாக வீலில் தண்ணீர் அடிக்காதீர்கள். டிஸ்க்குக்கும் கேடு, ஷாம்பும் காய்ந்து கறையாகும். கழுவி முடித்ததும் வண்டியை அப்படியே ஓரங்கட்டாமல் ஒன்றிரண்டு கிலோமீட்டர் ஓட்டி, பத்திரமான இடத்தில் நாலைந்து தடவை மெல்லப் பிரேக் பிடித்து டிஸ்க்கைக் காய வையுங்கள். ஈர டிஸ்க்கில் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே ஆரஞ்சுப் படலம் படரும். அது இயல்பு, அடுத்த ஓட்டத்தில் பேட் துடைத்துவிடும். நாள்கணக்கில் ஈரத்தோடு நின்றால் மட்டும் பேட் டிஸ்க்கில் ஒட்டிக்கொள்ளும், சொட்டிய துருநீர் நீங்கள் இப்போதுதான் சுத்தம் செய்த வீலின் அடி விளிம்பில் கறையாக உறையும்.