வன்னியின் சூட்டைத் திருச்சி சொல்லுமா?

முல்லைத்தீவு வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “வற்றாப்பளைப் பொங்கலுக்கு முந்தியும் நடந்துதான் போனனாங்கள். இப்ப தார் ரோட்டில காலை வைக்க ஏலாமல் கிடக்கு. போனில 39 பாகை எண்டு காட்டுது. உலகம் சூடாகிறதாலோ, காட்டை வெட்டினதாலோ?”

கலி முத்திவிட்டது என்பது அவருடைய பெரியம்மாவின் விளக்கமாம். அந்த விளக்கத்தில் ஒரு வசதி உண்டு, யாரும் சரிபார்க்கத் தேவையில்லை. நாம் சரிபார்க்கக்கூடிய பதிலைத் தேடுவோம்.

முதலில் அந்த 39. அது பெரும்பாலும் உங்கள் ஊரில் யாரும் அளந்தது அல்ல, கணினி கணித்துத் தரும் எண். சில செயலிகள் காற்றின் ஈரப்பதத்தையும் சேர்த்து, உடம்புக்கு எவ்வளவு வெக்கையாக இருக்கும் என்பதைக் காட்டும். அதை வைத்து 30 வருட மாற்றத்தைப் பேச முடியாது. காபனீரொட்சைட்டு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் என்பது பள்ளிப் பாடம். ஹவாயின் மவுனா லோவாவில் 1958இல் அளக்கத் தொடங்கியபோது அது காற்றில் பத்து இலட்சத்தில் சுமார் 315 பங்கு. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. சரி, அதில் வழக்கில்லை. ஆனால் போர்க் காலத்தில் வடக்கின் வானிலைப் பதிவேடுகளில் ஓட்டைகள் விழுந்தன. ஓட்டையுள்ள பதிவை வைத்துக்கொண்டு வன்னி சூடாகிறது என்று எப்படிச் சொல்வது?

பேச்சுக்கு, இலங்கையில் மூன்றே நிலையங்கள் என்று வைத்துக்கொள்வோம். நுவரெலியாவின் சராசரி 16 பாகை செல்சியஸ், வவுனியாவுக்கு 28, திருகோணமலைக்கு 28. மூன்றின் சராசரி 24. ஒரு மாதம் வவுனியாவில் இருந்து பதிவு வரவில்லை. மிஞ்சிய இரண்டின் சராசரி 22. அதாவது, ஒரு நிலையம் வாய் மூடியதும் நாடே 2 பாகை குளிர்ந்துவிட்டது! நுவரெலியா வாய் மூடியிருந்தால் 4 பாகை சூடாகியிருக்கும். வெப்பநிலையை அப்படியே கூட்டி வகுத்தால் இந்தக் கூத்துத்தான் நடக்கும்.

ஆகவே விஞ்ஞானிகள் வெப்பநிலையைத் தூக்கி வைத்துவிட்டு, விலகலை மட்டும் எடுக்கிறார்கள். வவுனியாவின் இந்த வைகாசியை வவுனியாவின் பழைய வைகாசிகளோடு மட்டும் ஒப்பிடுவது; நுவரெலியாவை நுவரெலியாவோடு. நாசா இதற்கு 1951 முதல் 1980 வரையான சராசரியை, ஒப்பிட்டுக் கழிக்கும் அடிக்கோடாக வைத்திருக்கிறது. ஓரிடம் இன்னோரிடத்தைவிடச் சூடாக இருப்பதற்கு உயரம், கடல் எவ்வளவு தூரம், மண், நிழல் என்று பல காரணங்கள். அவை வருடா வருடம் பெரிதாக மாறுவதில்லை. கழிக்கும்போது அத்தனையும் அடிபட்டுப் போகின்றன. மிஞ்சுவது மாறியது மட்டும். மாறுவதோ பெரும்பாலும் பெரிய பரப்பில் மாறுகிறது. இந்து சமுத்திரம் வழமையைவிடச் சூடாக இருந்தால் மழை மேகம், காற்று எல்லாம் நூற்றுக்கணக்கான கிலோமீற்றருக்குச் சேர்ந்து பிசகும். நுவரெலியாவுக்கும் வவுனியாவுக்கும் வெப்பநிலை வேறு, ஆனால் விலகல் கிட்டத்தட்ட ஒரே பக்கம் சாயும்.

இது எவ்வளவு தூரத்துக்குச் செல்லும் என்பதை 1987இல் நாசாவில் ஜேம்ஸ் ஹான்சனும் செர்கெய் லெபடெவும் கணக்கிட்டார்கள். 1200 கிலோமீற்றர் வரை நிலையங்களின் விலகல்களுக்குள் தொடர்பு தெரிந்தது. எங்களைப் போன்ற வெப்பமண்டலத்தில் அந்தத் தொடர்பு சற்றுத் தளர்வு, ஆனாலும் உண்டு. அவர்களுடைய முறை மிக எளிது. ஒரு புள்ளியிலேயே இருக்கும் நிலையத்துக்கு எடை, அதாவது அதன் சொல்லுக்குக் கொடுக்கும் மதிப்பு, 1. 1200 கிலோமீற்றரில் பூச்சியம். இடையில் நேர்கோடாகக் குறையும். கிளிநொச்சியை மையமாக வைத்தால் திருச்சி சுமார் 240 கிலோமீற்றர், ஆகவே எடை 0.8. சென்னைக்கு ஏறக்குறைய மூன்றில் இரண்டு. வன்னியில் ஆள் இல்லாமல் போன மாதங்களிலும் திருச்சியின் வெப்பமானி எங்களுக்காகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. கடவுச்சீட்டு, விசா ஒன்றும் கேட்காமல்.

நிலையத்தைச் சுற்றி நகரம் வளர்ந்து, சீமெந்தும் தாருமாகச் சூடேறினால்? அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். இரவில் விண்ணிலிருந்து எடுத்த படங்களில் விளக்கொளி பளிச்சென்று தெரியும் இடங்களை நகரம் என்று அடையாளம் கண்டு, அங்குள்ள நிலையத்தின் நீண்டகாலப் போக்கைச் சுற்றியுள்ள கிராம நிலையங்களோடு ஒத்துப்போகத் திருத்துகிறார்கள்.

இந்தக் கணக்கு முழுவதும், எழுதிய நிரல் உட்பட, இணையத்தில் இலவசம். மாதாந்த அட்டவணையை இறக்கி எக்செலில் போட்டு ஒரு கோடு கீற, சாதாரண தர மாணவனால் முடியும். 2024இன் உலகச் சராசரி அந்த அடிக்கோட்டைவிட 1.28 பாகை மேலே நிற்கும். உலக வானிலை அமைப்பு அதே ஆண்டுக்கு 1.55 என்றது. உடனே வட்சப்பில் “பார்த்தீர்களா, பொய்” என்று கிளம்பினார்கள். பொய்யில்லை, உலக வானிலை அமைப்பின் அடிக்கோடு 1850 முதல் 1900 வரை. அடிக்கோடு பழையதென்றால் விலகல் பெரிதாகத்தானே வரும்.

அமெரிக்கன் கணக்கு இலவசமாகக் கிடைக்க, எங்கள் பக்கத்துப் பழைய மழைப் பதிவுக்கு நான் ஓர் அலுவலகத்தில் கடிதம், கட்டணம், கையொப்பம் என்று அலைந்தேன். மக்கள் காசில் அளந்ததை மக்களுக்கே விற்பது எந்த ஊர் நியாயம்? அந்தக் கட்டணத்தால் வரும் வருமானத்தைவிட, பதிவேடுகளைக் கறையான் தின்பதால் வரும் நட்டம் பெரிது.

இனி காடு. நாசாவின் வரைபடத்தில் ஒரு கட்டம் அகலாங்கில் 2 பாகை, நெட்டாங்கில் 2 பாகை. எங்கள் கட்டத்துக்குள் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாவோடு அநுராதபுரமும் திருகோணமலையும் நிறையக் கடலும் அடக்கம். மன்னார் நகரம் மயிரிழையில் வெளியே. அத்தனைக்கும் ஒரே எண். உலகம் சூடாகும் பங்கு அதில் தெரியும். உங்கள் ஒழுங்கையில் வெட்டிய பாலை மரங்களின் பங்கு தெரியாது.

அதற்கு அதே கழித்தலைத் திருப்பிப் போடுங்கள். காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள், ஆள் நெஞ்சுயரத்தில், ஒரு வெப்பமானியை வெட்டிய வெளியிலும் இன்னொன்றை மிஞ்சிய காட்டுக்குள்ளும் வையுங்கள். இந்து சமுத்திரமும் காபனீரொட்சைட்டும் இரண்டையும் கிட்டத்தட்ட ஒரே அளவு தள்ளும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்க மிஞ்சுவது மரத்தின் கணக்கு.