தவறான காரணம், சரியான விடை: ஓடும் தண்ணீரில் ஒளி

ஓடும் பஸ்ஸின் ஜன்னலில் மழைத்துளி சாய்வாகக் கோடு போடும். பஸ் நின்றதும் நேராக இறங்கும். விண்மீன் ஒளியும் இப்படித்தான். பூமி விநாடிக்கு 30 கி.மீ. வேகத்தில் சூரியனைச் சுற்றுவதால், தொலைநோக்கியைப் போகும் திசைப் பக்கமாக அதிகபட்சம் 20.5 விகலை (ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்குதான் ஒரு விகலை) சாய்க்க வேண்டும். 1720-களின் கடைசியில் ஆங்கிலேய வானியலாளர் ஜேம்ஸ் பிராட்லி இதைக் கண்டறிந்தார்.

ஒளியைத் துகள் என்றவர்களுக்கு இது சுலபமான கணக்கு. அலை என்றவர்களுக்குத்தான் சிக்கல். அலை பரவ ஊடகம் வேண்டுமே என்று ஈதரைக் கற்பித்தார்கள். பூமி ஈதரையும் இழுத்துக்கொண்டு போகிறது என்றால் அந்தச் சாய்வு எப்படி வரும்? இழுக்கவில்லை என்றால், கண்ணாடிக்குள் நுழையும் விண்மீன் ஒளியின் விலகல் பூமியின் போக்கிற்கேற்ப மாற வேண்டும். 1810-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் அரகோ முப்பட்டகம் வைத்துப் பார்த்தார், மாறவில்லை.

1818-இல் இன்னொரு பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபிரெனல் நடுவழி ஒன்று சொன்னார்: பொருள் ஈதரில் ஒரு பங்கை மட்டும் இழுக்கும். ஒளிவிலகல் எண்ணின் (வெற்றிடத்தைவிட அந்தப் பொருளில் ஒளி எத்தனை மடங்கு மெதுவாகப் போகிறது என்பதன்) வர்க்கத்தால் 1-ஐ வகுத்து, அதை 1-இலிருந்து கழித்தால் அந்தப் பங்கு கிடைக்கும். தண்ணீரின் எண் 1.333, எனவே பங்கு 0.44. விநாடிக்கு 7 மீட்டர் ஓடும் நீர், ஒளிக்குக் கொடுப்பது சுமார் 3 மீட்டர் மட்டுமே. 2,25,000 கி.மீ. வேகத்தில் போகும் ஒன்றில் இந்த 3 மீட்டரை எப்படிப் பிடிப்பது?

1851-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபிசோ பிடித்துக் காட்டினார். ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளத்தில் இணையாக இரண்டு குழாய்கள். ஒன்றில் நீர் போகும், மற்றதில் திரும்பி வரும். சூரிய ஒளியை இரண்டாகப் பிரித்து, குழாய்க்கு ஒன்றாக அனுப்பினார். மறுமுனையில் இருந்த வில்லையும் ஆடியும் கதிர்களை இடம் மாற்றித் திருப்பின. ஒரு கதிர் இரு முறையும் நீரோட்டத்தோடு போகும், இன்னொன்று இரு முறையும் எதிர்த்துப் போகும். சூட்சுமம் இந்த இடமாற்றத்தில்தான். நீரை வேகமாகத் தள்ளினால் அழுத்தம் கூடும், அழுத்தம் கூடினால் ஒளிவிலகல் எண் மாறும்; குழாய்க்குக் குழாய் சூடும் வேறுபடும். இரண்டு கதிர்களும் இரண்டு குழாய்களையும் கடப்பதால் இந்தப் பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். மிஞ்சுவது ஓட்டத்தின் விளைவு மட்டுமே.

இரு கதிர்களும் மீண்டும் சேரும் இடத்தில் ஒளியும் இருளும் மாறி மாறிக் கோடுகளாகத் தெரியும்; இவை குறுக்கீட்டுப் பட்டைகள். நீர் ஓடியதும் இவை ஒரு பட்டை அகலத்தில் 0.23 பங்கு நகர்ந்தன. ஃபிரெனல் கணக்கு 0.20, ஈதர் முழுதாக இழுபட்டிருந்தால் 0.46. குழாயின் நடுவில் நீர் சராசரியைவிட வேகமாக ஓடும் என்பதால், 0.03 கூடுதலாக வந்ததில் வியப்பில்லை. 1886-இல் அமெரிக்காவில் மைக்கல்சனும் மோர்லியும் இதையே பெரிய கருவியில் செய்து, இழுபடும் பங்கு 0.434 என்று கண்டார்கள்.

ஈதர்க்காரர்களுக்கு இது வெற்றிதான். ஆனால் எனக்குத் தெரிந்து, கொள்கை அழுகியிருந்த இடமும் இந்தச் சூத்திரத்திலேயே இருக்கிறது. ஒளிவிலகல் எண் நிறத்துக்கு நிறம் மாறும். அப்படியானால் ஒரே தண்ணீர் சிவப்பு ஒளிக்கு ஒரு அளவும் நீல ஒளிக்கு வேறொரு அளவும் ஈதரை இழுக்க வேண்டும்! நிறத்துக்கு ஓர் ஈதரா?

1887-இல் மைக்கல்சனும் மோர்லியும் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் பாதரசத்தில் மிதக்கும் கல் பலகைமேல் கருவியை வைத்துச் சுழற்றினார்கள். ஒளிப்பாதை 11 மீட்டர். பூமி ஈதரை ஊடுருவிச் செல்வது உண்மையானால் 0.4 பட்டை நகர வேண்டும். அதில் நாற்பதில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. ஈதர் பூமியோடு முழுதாக ஒட்டிக்கொண்டு வருகிறது என்ற ஸ்டோக்ஸின் கொள்கை இதற்குப் பொருந்தும். ஆனால் பிராட்லியின் சாய்வை விளக்க அது திணறியது.

1905-இல் ஐன்ஸ்டைன் வேகங்களைக் கூட்டும் விதியையே மாற்றினார்: இரண்டையும் கூட்டியபின், அவற்றின் பெருக்கலை ஒளி வேகத்தின் வர்க்கத்தால் வகுத்து, 1-ஐச் சேர்த்து, வரும் எண்ணால் கூட்டுத்தொகையை வகுக்க வேண்டும். 1907-இல் ஜெர்மன் இயற்பியலாளர் லாவே இந்த விதியில் நீருக்குள் ஒளியின் வேகத்தையும் நீரின் வேகத்தையும் போட்டுப் பார்த்தார். நீரின் வேகத்தில் 0.56 பங்கு கழிந்தது. மிஞ்சியது அதே 0.44. எந்த நிறத்தின் எண்ணைப் போட்டாலும் அந்த நிறத்துக்குரிய விடை வரும். இழுக்க அங்கே ஈதர் ஏதும் இல்லை.